போயிட்டு வாங்க: ஒரு விடைமொழியின் பொருள்

எப்பெரியாரின் ஞாபகார்த்தமாக இச்சொற்பொழிவு நடைபெறுகிறதோ அவருடைய குணநலன்களை எனக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்துவிட்டமையால், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களிற் பாதிப்பேர் அறிந்ததே. அதைப்பற்றி நானும் என் நண்பர்களாகிய பேராசிரியர் சிலரும் நெடுங்காலமாக வாதாடி வருவதும் இரகசியமன்று. புறப்படுகிறவர் 'போறேன்' என்னாமல் 'போயிட்டு வாரேன்' என்கிறார். வாசலில் நிற்பவர் 'போயிட்டு வாங்க' என்று விடைகொடுக்கிறார். இது வெறும் மங்கல வழக்கு என்பது நண்பர்கள் கட்சி. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் போலப் 'போதல்' என்னும் அமங்கலச் சொல்லை மறைக்கவே 'வருதல்' வந்து சேர்ந்தது, மற்றபடி அதற்குப் பொருளொன்றும் இல்லை என்று அவர்கள் சாதிக்கிறார்கள். அது ஆசி என்பதும், சொன்ன பொருளையே அது குறிக்கிறது என்பதும் என் கட்சி.

அமங்கலத்தை மறைப்பதே நோக்கமானால், அந்த மறைப்பு மற்றெவ்விடத்தையும்விட இழவு வீட்டிலன்றோ அதிகமாக வேண்டியிருக்கும்? அங்கே நாம் சொல்லாமற்கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறோம். பழக்கதோஷத்தால் 'போயிட்டு வாரேன்' என்று வாய்தவறிய இளைஞனை தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக் கிழவி முறைக்கிற முறைப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். இப்படியொரு காரியத்துக்கு இந்த வாசலை மறுபடி மிதிக்க வேண்டாம் என்பது நம் எண்ணமாதலால், 'வாரேன்' என்பது அங்கே மெய்யாகவே வருகையைக் குறித்துவிடுமென்று அஞ்சுகிறோம். பொருளற்ற சொல்லுக்கு இவ்வளவு அஞ்சுவார் உண்டோ?

இனி, நண்பர்கள் தமக்குச் சாதகமென்று ஓயாது எடுத்துக்காட்டும், இலங்கை மலைநாட்டின் அட்டன் புகையிரத நிலையத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரான நம் தோட்டத்து மக்களை, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்திய அரசாங்கங்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று ஒதுக்கிவைத்தது. அந்த எச்சத்தையும் 1974இல் இரு அரசாங்கங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தமையன் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி கையில் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரமும் வந்த குடும்பங்கள் அநேகம். தலைமன்னார்த் துறைக்குப் புறப்பட்டவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே சூட்டினார். கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போகிறவர் திரும்பிவந்து பழைய லயத்தில் குடியிருக்கச் சட்டத்தில் இடமில்லை. இது நிலைய மேடையில் நின்ற அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மேடை முடியுமட்டும் வண்டியோடு ஓடி, 'போயிட்டு வாங்க' என்றார்கள். நடக்க முடியாததைச் சொன்னார்களாதலின் அது வெற்று உபசாரமே என்று நண்பர்கள் வெற்றி கொண்டாடுகிறார்கள்.

அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. அந்த மேடையில் எழுந்த அழுகை இழவு வீட்டு அழுகை. மாரடித்து, உறவுமுறை சொல்லி, முறைப்படி வைத்த ஒப்பாரி. இழவு வீட்டில் இந்த விடைமொழி வாயிலிருந்து வராதபடி காத்துக்கொள்ள அறிந்த அதே பெண்கள்தாம், இங்கே ஒப்பாரியின் நடுவிலேயே அதை உரக்கச் சொன்னார்கள். பிரேதத்தை எடுக்கையில் சொல்லாததைக் கோச்சி நகர்கையில் சொன்னார்களென்றால், இரண்டையும் அவர்கள் ஒன்றாகக் கொள்ளவில்லை என்பதுதானே கருத்து? ஒப்பந்தம் பிரிவை முடிவென்றது. இவர்கள் அதை முடிவென்று ஏற்க மறுத்தார்கள். வாழ்த்துப் பலிக்கவில்லையே என்றால், 'நூறாண்டு வாழ்க' என்று வாழ்த்தப்பட்டு அறுபதில் மறைந்தவருக்குச் சொன்னதும் வாழ்த்தன்று என்று நண்பர்கள் சொல்ல நேரும். சொல்வார்களா என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் இவ்விடைமொழியின் மூலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். எதிரில் நிற்பவரிடம் 'வாரேன்' என்பவர் படர்க்கையாகிவிட மறுக்கிறார் என்று கொள்ள இடமுண்டு. சிங்களவரும் போய்வருகிறேன் என்னும் பொருளில் 'கிஹின் என்னம்' என்கிறார்கள். மலையாளத்தாரும் கன்னடத்தாரும் தெலுங்கரும் போய்த்தான் வருகிறார்கள். மராத்தியர் 'யேதோ' என்றும் வங்காளிகள் 'ஆஷி' என்றும் போவதை அறவே விட்டு வருவதை மட்டும் சொல்கிறார்கள். யார் யாரிடம் கற்றார் என்பதைத் தனியே ஆராய வேண்டும். காமன் கூத்திலும் தாலாட்டிலும் விடைமொழி வரும் இடங்களைத் தொகுக்க வேண்டும், கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களை இக்கண்கொண்டு மறுபடி வாசிக்க வேண்டும்.

இவை யாவற்றிலும் அவசரமானது ஒன்று. அட்டன் மேடையில் 1970களில் இளைஞராய் நின்றவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அன்று வண்டியேறியவர்களிற் பலர் தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இரு கரையிலும் அவர்களைத் தேடிச்சென்று, அன்று யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே இவ்வாண்டிலேயே பதிவுசெய்யத் தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.