எந்தப் பந்தை எங்கே போடுவது?



சென்னிமலையிலும் பெருந்துறை, ஈரோடு பக்கத்திலும் மாலையில் வேலை முடித்து ராக்கெட்டோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தறிப்பட்டறை நடத்துகிறவர்கள், வங்கியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். செர்வை எப்படி வேகமாக்குவது, ஃபோர்ஹேண்டை எப்படிப் பலமாக்குவது என்றுதான் இவர்களில் பலர் கேட்கிறார்கள். நாற்பதுக்கு மேல் கையின் பழக்கத்தை மாற்ற வருடக்கணக்கில் ஆகும். எந்தப் பந்தை எங்கே போடுவது என்ற முடிவை மாற்ற ஒரு மாலை போதும். இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

சைமன் ராமோ என்று ஓர் அமெரிக்கர். ஏவுகணைத் துறையில் பேர்பெற்ற பொறியாளர், டென்னிஸ் பிரியர். சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டங்களைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணிய அவர் கண்டது இது: தேர்ந்தவர்கள் ஆட்டத்தில் பத்துப் புள்ளிகளில் எட்டு, அடித்து வென்றவை. மற்றவர்கள் ஆட்டத்தில் பத்தில் எட்டு, எதிராளி நெட்டிலோ வெளியிலோ போட்டதால் கிடைத்தவை. அப்படியானால் நாம் செய்ய வேண்டியது, எதிராளி இன்னும் ஒரு பந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது.

அதற்குக் கோர்ட்டின் அளவே வழி காட்டுகிறது. நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 27 அடி. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 82 அடிக்கு மேல் வரும். நெட் கம்பத்தருகே மூன்றரை அடி உயரம், நடுவில் 3 அடி. ஆக, கிராஸ் கோர்ட்டாக அடிக்கும் பந்துக்கு இடமும் அதிகம், தாண்ட வேண்டிய உயரமும் குறைவு. அடித்த பிறகு நாம் திரும்பி வர வேண்டிய தூரமும் குறைவு. ஓடிப்போய் எட்டிப் பிடித்த பந்தை நேர்க்கோட்டில் கோட்டோரமாக அடிக்கப் பார்ப்பதுதான் நம்மவர்கள் அதிகம் புள்ளி இழக்கும் இடம். அந்த நிலையில் உயரமாக, குறுக்கே, ஆழமாகப் போட வேண்டும். பந்து குட்டையாக விழுந்து, கால் நிலையாக நின்று, நாம் பேஸ்லைனுக்கு உள்ளே இருக்கும்போது நேர்க்கோட்டில் அடிக்கலாம்.

இந்தக் கலைக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. ராமநாதன் கிருஷ்ணனிடம் இடிபோன்ற செர்வ் கிடையாது. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். அந்த இரண்டு அரையிறுதிகளிலும் அவரைத் தோற்கடித்த நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும்தான் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். அவருடைய ஆட்டத்தை அழகு, நளினம் என்று பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதிராளி எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, அவருக்கு வசதியில்லாத உயரத்தில், வசதியில்லாத வேகத்தில் பந்தைத் தருவது அது. அவ்வளவு கூர்மையான கணக்கு.

1966இல் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பை, பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டம். தாமஸ் கோக் இரண்டு செட் வென்றிருக்க, கிருஷ்ணன் கையில் ஒரு செட். நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி நின்றார். அங்கிருந்து 7-5, 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. தோல்வி வாசலில் நிற்கும்போது கண்மூடி ஓங்கி அடிக்கத்தான் கை துடிக்கும். அந்த நேரத்திலும் பந்தைத் தேர்ந்தெடுத்து அடிக்கிற நிதானம் எனக்குப் பெரிய வியப்பு.

மகன் ரமேஷ் கிருஷ்ணனின் செர்வும் மெதுவானதே. ஆனால் வருகிற பந்தின் வேகத்தையே வாங்கித் திருப்பித் தருவார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். 1975 விம்பிள்டன் இறுதியில் ஆர்தர் ஆஷ் எதிர்த்திசையில் போய் இதே பாடத்தைக் காட்டினார். வேகத்தில் வாழ்கிற ஜிம்மி கானர்ஸுக்கு வேகமே இல்லாத பந்துகளைத் தந்து பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

நம் ஊர்களில் பெரும்பாலும் ஆடுவது டபுள்ஸ். நம் பகுதிக்கு இதில் ஒரு பெருமை உண்டு: கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவோடு டபுள்ஸ் ஆடினார். டபுள்ஸில் நான் முதலில் சொல்வது, நடுவில் போடுங்கள் என்பதே. நெட் தாழ்ந்த இடம் அது. வெளியே போகிற ஆபத்து இல்லை. எதிரே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"அது உங்களுதுங்க!"

"நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

இந்த உரையாடலை எந்தக் கோர்ட்டிலும் கேட்கலாம். அடுத்தது லாப். நெட்டை ஒட்டி நிற்பவரின் இடப்பக்கத் தலைக்கு மேலே, அதாவது வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம், உயர்த்திப் போட்ட பந்தை ஸ்மாஷ் அடிக்கக்கூடியவர்கள் நம் வயதில் மிகக் குறைவு. லாப் போடுவதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறவர்களிடம் நான் வாதிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆனி, ஆடி வந்தால் இந்தக் கணக்கை மாற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தாராபுரம், காங்கேயம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும். நம் கோர்ட்டையும் விடாது. வெயில் கண்ணில் படாதபடி கோர்ட்டை வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். அதனால் மேல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். கிழக்குக் கோட்டை ஒட்டி அடித்த பந்து வெளியே போய்விடும். மேற்குப் பக்கம் பார்த்து அடித்தால் காற்றே உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். செர்வுக்குப் பந்தைத் தாழ்வாகத் தூக்குங்கள். லாபைக் குறைத்துக்கொண்டு நடுவையே நம்புங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு செட், பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து நேர்க்கோட்டில் அடிப்பதில்லை என்று நால்வரும் பேசி வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். ஓரமாக உட்கார்ந்திருக்கும் நண்பரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நெட்டில் விழுந்ததையும் வெளியே போனதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த செட்டை வழக்கம்போல ஆடி, அதையும் குறித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.