இருளினூடே கண்ட கண்

வானத்திலே பால்போற் பரந்து கிடக்கும் பால்வீதியின் நடுவிடம் தனு இராசியின் திசையிலே, ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆயினும் இடையிலே செறிந்த தூசுப் படலம் அங்கிருந்து வரும் ஒளியை விழுங்கிவிடுகின்றது. அதனைக் காண மனிதனுக்கு வேறொரு கண் வேண்டியதாயிற்று.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷெல் என்பார், அரியத்தினாற் பிரித்த நிறமாலையிலே சிவப்புக்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானி சூடேறக் கண்டார். செந்நிறக்கீழ்க் கதிர் எனப்படும் அது தூசுப் படலத்தைப் பெருமளவு ஊடுருவ வல்லது.

1960களிலே கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரி நியூகெபவர் என்னும் ஆசிரியரின்கீழ்க் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு நடத்தியவர் எரிக் பெக்லின். அவர்களது உணர்கருவி ஈயச் சல்பைட்டாலானது. கதிர் பட்டதும் அதன் மின்தடை குறையும். அக்குறைவை அளந்தால் கதிரின் வலிமை புலப்படும்.

இதிலே பெரியதோர் இடர் உண்டு. சூடுள்ள பொருள் யாவும் இக்கதிரை வீசும். தொலைகாட்டியும் வீசும், வளியும் வீசும், உணர்கருவியின் கூடும் வீசும். ஆதலால் உணர்கருவியைத் திரவ நைதரசனாற் குளிரச் செய்தனர். விண்மீனையும் அருகிலுள்ள வெறுவானையும் மாறி மாறி நோக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தனர். எஞ்சிய சிறு தொகையே விண்மீன் தந்த செய்தியாகும்.

1966இல் பெக்லின் 2.2 மைக்கிரோமீற்றர் அலைநீளத்திலே பால்வீதியின் நடுவிடத்தைத் துருவினார். கருவியின் பதிவு உயர்ந்தது. அதுகாறும் எவரும் கண்டிராத விண்மீன் திரள் அங்கே புலப்பட்டது. ஆசிரியரும் மாணாக்கரும் அதனை 1968இல் ஒருங்கே வெளியிட்டனர்.

அக்கழகத்திலே கற்பித்தலும் கருவி சமைத்தலும் இணைந்தே நடந்தன. றொபேட் லெயிற்றன் என்னும் பேராசிரியர், றிச்சட் பைன்மன் 1961 முதல் 1963 வரை மாணாக்கருக்கு ஆற்றிய பௌதிக விரிவுரைகளை நூலாக்கியவர்களுள் ஒருவர். அவரே பிசினைச் சுழற்றி இறுகவைத்து, 62 அங்குலத் தொலைகாட்டிக்கு ஆடி செய்தார். அதனைக் கொண்டு அவரும் நியூகெபவரும் வானை அளந்து, 5,612 கதிர் மூலங்களின் பட்டியலை 1969இல் வெளியிட்டனர்.

பின்னாளில் நியூகெபவரிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர் அன்ட்ரியா கெஸ் அம்மையார். அவர் பெக்லின் முதலானோருடன் கூடி, ஹவாய்த் தீவின் கெக் தொலைகாட்டியாற் பால்வீதியின் நடுவே சுழலும் விண்மீன்களைப் பல்லாண்டு அளந்தார். ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு பொருண்மை அங்கே சிற்றிடத்தில் ஒடுங்கியிருத்தல் தெளிவாயிற்று. 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் அவரும் ஒருவரானார்.

ஒரு மாணாக்கர் இடத்தைக் கண்டார். மற்றவர் அங்கு மறைந்திருப்பதை அளந்தார். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே.