பரிசு பெறாத சித்திரங்கள்



பிள்ளை சுவரில் கரியால் கிறுக்கினால் அதட்டுகிறோம். சித்திரப் போட்டியில் பரிசு வாங்கினால் மட்டும் மெச்சுகிறோம். பரிசுக்கு எட்டாத சித்திரமும் மனப்புண்ணுக்கு மருந்தாகும் என்பதற்கு ஓர் ஆசிரியையின் சரித்திரத்தைக் கூற விழைகிறோம்.

ஃபிரீடில் டிக்கர்-பிராண்டைஸ், 1898-ல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண்மணி. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைச் செக் நாட்டிலிருந்த டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். துணிமணிக்கே போதாத அந்த மூட்டையில் அவர் காகிதமும் வர்ணமும் கட்டிக்கொண்டார்.

அங்கே பெற்றோரைப் பிரிந்து, பசியிலும் பயத்திலும் வாடிய பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். தாளம் தட்டி, அதற்கேற்பக் கோடு இழுக்கச் செய்வார். காகிதம் அருகியபோது அலுவலகத்தில் கழித்த தாள்களே உதவின. பிள்ளைகள் வீட்டை வரைந்தார்கள், பூக்களை வரைந்தார்கள். சிலர் தாங்கள் படுத்துறங்கிய அடுக்குக் கட்டிலையும் வரைந்தார்கள். மனிதருக்கு எண் இட்டு அனுப்பிய அவ்விடத்திலே, படத்தில் அவரவர் பெயரை எழுதச் செய்தார். எல்லாரையும் ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்றும், பெரியவர்கள் தங்கள் பாணியைப் பிள்ளைகள்மீது சுமத்தலாகாது என்றும் 1943-ல் முகாமிலேயே உரையாற்றினார்.

1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்பிள்ளைகளிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். சித்திரம் உயிரைக் காத்தது என்று நாம் சொன்னால் பொய். வகுப்பு நடந்த அந்நேரமாவது அவர்கள் கைதிகளாக இல்லாமல் பிள்ளைகளாக இருந்தார்கள். அது சிறிய காரியமா? இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் தப்பின. இன்று பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவரிடம் பயின்ற ஈடித் கிரேமர் 1938-ல் அமெரிக்கா சென்று, மனம் அடிபட்ட சிறுவர்களுக்குச் சித்திரம் கற்பித்து, கலைவழிச் சிகிச்சைக்கு முன்னோடியானார். படத்துக்குப் பொருள் தேடுவதைவிட, ஒன்றைத் தானே செய்து முடிப்பதுதான் குணமளிக்கிறது என்பது அவர் கொள்கை.

கடும் மனநோய்க்கு வைத்தியரையே நாட வேண்டும். காகிதமும் வர்ணமும் அதற்கு ஈடாகா. ஆனால் தாயை இழந்த பிள்ளையும், தகப்பனின் குடியால் பேச்சற்றுப்போன பிள்ளையும் நம் தெருவிலே உண்டு. ஆகவே பங்குத்தந்தை அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: திருவிழாச் சித்திரப் போட்டி வழக்கம்போல் நடக்கட்டும். மாதம் ஒருமுறை, ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின், மதிப்பெண்ணும் பரிசும் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு மண்டபத்தைத் திறந்துவிட வேண்டுகிறோம். காகிதச் செலவை நாங்கள் ஏற்கிறோம்.