எதற்காகக் கல் நட்டார்கள்?



நாளை மாட்டுப் பொங்கல். காஞ்சிபுரத்து வரதர் பார்வேட்டை விழாவுக்கு நம் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுகிறார். அதற்கு முந்தின மாலையில் வீரத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பொருத்தம்தான். தமிழனின் பழைய வீரக் கதை மாட்டு மந்தையில்தான் தொடங்குகிறது.

எதிரே திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறதே செய்யாறு, அது செங்கம் வழியாக வருகிற ஆறு. செங்கம் வட்டாரம் முழுக்க, மந்தைச் சண்டை போன்றவற்றில் விழுந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள். எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவகத்தி என்ற சேவகன் எருமைகளுக்காக உயிரை விட்டான். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரையும் மறக்காமல் வெட்டி வைத்தார்கள், ஐயா! அந்தச் சேவகன் எத்தனை தலையைச் சாய்த்தான் என்ற கணக்கு அங்கே இல்லை. எதைக் காக்கப் போய் விழுந்தான் என்பது இருக்கிறது.

புறநானூற்றில் பகைவன் ஊரைக் கொளுத்தியவனைப் புகழ்ந்த பாட்டும் உண்டு. மறைக்க வேண்டாம், அது நமக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் அரிவாள் படம் போட்டுப் பேனர் கட்டி, 'வீரப் பரம்பரை' என்று பக்கத்துத் தெருவை மிரட்டுகிறானே ஒரு தம்பி, அவன் அந்த நூலைத் துணைக்கு இழுக்கக் கூடாது.

ஏனென்றால் அதில் ஆயுதம் ஏந்தாத வீரர்களும் இருக்கிறார்கள். மன்னன் அதியமானுக்காக ஔவையார் தூது வந்தது வேறெங்கும் அல்ல, நம் பகுதியை ஆண்ட தொண்டைமானிடம். அவன் பெருமையாகப் படைக்கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டிய வேல்கள். போர் பல கண்ட அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோலப் பழித்து, அவன் முகத்துக்கு நேரே சொன்னார்!

புலவர் கோவூர்கிழார் இன்னும் ஒருபடி மேல். பகை மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தினான் சோழன் கிள்ளிவளவன். யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கிற வயது. சோழன் அவையில் புலவர் எழுந்தார், பேசினார், பிள்ளைகள் பிழைத்தார்கள். என் கணக்கில் அந்த நூலின் பெரிய வீரன் அவர்தான்.

இன்று நம் ஊரில் யாரும் மாட்டு மந்தையை மடக்கிக் கொண்டு போவதில்லை. போவது பாலாற்று மணல். மணல் போனால் ஊற்று போகும், கிணறு போகும், பயிர் போகும். தடுக்க அரிவாள் வேண்டாம். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. எல்லோரும் வாருங்கள். எழுந்து நின்று மணலைப் பற்றிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.