சுமைதாங்கிக் கல்



கிராமத்துச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஏறக்குறைய ஓர் ஆளின் தோள் உயரம் இருக்கும்.

அந்த உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடந்து வருகிறவர் என்ன செய்வார்? இந்தக் கல் இருந்தால், குனியாமல் சுமையை அதன் மேல் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கிக்கொள்ளலாம். யார் துணையும் இல்லாமல் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாகவும் வீட்டார் இந்தக் கல்லை நட்டார்கள். அத்தனை துக்கத்திலும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கழுத்து வலியை நினைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

இன்று தலைச்சுமை குறைந்துவிட்டது. தோள் சுமை இருக்கிறது. காலை நேரத்து டவுன் பஸ்ஸைப் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையோடு ஒரு பிள்ளை தள்ளாடி நிற்கும். உட்கார்ந்திருக்கிற அக்கா ஒருவர், "பையைக் கொடு பாப்பா, நான் வச்சுக்கிறேன்" என்பார். அந்தப் பிள்ளையின் தோள் சட்டென்று நிமிரும்.

இன்று பஸ்ஸில் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தால், பக்கத்தில் நிற்பவரிடம் கை நீட்டிப் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.