தபாலில் போட்டி: வெண்ணெய் யாருக்கு? மோர் யாருக்கு?

(ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போட்டி வந்தால் திறமை வளரும். திறமை வளர்ந்தால் விலை குறையும். ஆகவே தபாலையும் சந்தையிடம் ஒப்படையுங்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களை ஏசுவது எளிது. ஆனால் ஏச்சு விடையாகாது. அந்த வாதம் நடைமுறைக்கு வந்த ஒரு நாட்டின் கணக்கை எடுத்துப் பார்ப்பதே முறை. அந்த நாடு பிரிட்டன்.

அங்கே ஒரு காலத்தில் தூரத்துக்கு ஏற்பத் தபால் கட்டணம் இருந்தது. கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் பணம் கொடுத்தார். 1837இல் ரோலண்ட் ஹில் என்பவர் அந்தக் கணக்கை ஆராய்ந்தார். கடிதத்தைத் தொலைவுக்குச் சுமந்து செல்லும் செலவு அற்பம்; கட்டணத்தைக் கணக்கிட்டு வாசல்தோறும் வசூலிக்கும் செலவே பெரிது என்று கண்டார். எவ்வூருக்கும் ஒரே கட்டணம், அதையும் முன்னதாகவே செலுத்துக என்றார். 1840 சனவரியில் ஒரு பென்னிக் கட்டணம் வந்தது. மே மாதத்தில் தபால் தலை வந்தது. 1839இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840இல் 16.9 கோடியாயின. அரசின் வருவாய் முதலில் சரிந்தது உண்மை. ஆயினும் ஏழையின் கைக்கும் கடிதம் எட்டியது. அந்தத் திறமை போட்டியிலா பிறந்தது? இல்லை, சமத்துவத்தில் பிறந்தது!

2006 சனவரி முதல் நாள் அதே நாடு தபால் சந்தை முழுவதையும் போட்டிக்குத் திறந்துவிட்டது. வந்த நிறுவனங்கள் செய்தது என்ன? வங்கிகளும் பெருநிறுவனங்களும் மூட்டை மூட்டையாக அனுப்பும் கடிதங்களைத் திரட்டின, ஊர்வாரியாகப் பிரித்தன, வீட்டில் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் ராயல் மெயிலிடமே ஒப்படைத்தன. விஸ்ல் என்னும் நிறுவனம் மட்டும் லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் நகரங்களில் தானே கடிதம் சேர்க்க முற்பட்டது. முதலீட்டாளர் கைவிட்டதும் 2015இல் அதையும் நிறுத்திற்று. ஏறத்தாழ 2,000 தொழிலாளரின் வேலை கேள்விக்குறியாயிற்று. நெருங்கிய நகரத்து வெண்ணெய் போட்டியாளருக்கு; மலையும் தீவும் ஆகிய மோர் பொதுத் தபாலுக்கு! மோரை மட்டும் வைத்திருப்பவனைப் பார்த்து, உனக்குத் திறமை இல்லை என்பது நியாயமா?

2013 அக்டோபரில் ராயல் மெயில் பங்குச் சந்தைக்கு வந்தது. 330 பென்சுக்கு விற்ற பங்கு, அன்று மாலையே 455 பென்சு ஆயிற்று. வாங்கியவருக்கு ஆதாயம், விற்ற மக்களுக்கு? முதல் வகுப்புத் தபால் தலை 2013இல் 60 பென்சு. 2025 ஏப்ரலில் 170 பென்சு. முதல் வகுப்புக் கடிதங்களில் நூற்றுக்கு 93 மறுநாளே சேர வேண்டும் என்பது அன்றைய விதி. 2024-25இல் சேர்ந்தவை 77. கடிதங்கள் தாமதமானதற்காக 2025இல் 2.1 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. விலையும் குறையவில்லை, வேகமும் கூடவில்லை!

கடிதமே குறைந்துவிட்டதே என்பர். மெய்தான். 2004-05இல் 2,000 கோடியாக இருந்தவை 2023-24இல் 670 கோடி அளவுக்கு வீழ்ந்தன. அது மின்னஞ்சலின் வேலை. அப்பழியைப் போட்டியின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் பையிலுள்ள கடிதம் குறையும் காலத்தில், ஒரே தெருவுக்கு இருவர் பை சுமப்பது சிக்கனமா, வீணா?

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. இந்தியாவில் கடிதம் சுமக்கும் தனியுரிமையை 1898ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. 2024 சூன் 18இல் நடைமுறைக்கு வந்த புதிய தபால் சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை.

ஆகவே, திறமை என்ற சொல்லோடு வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மலைக்கிராமத்துக்கு யார் போவார்? மாநகரத்துக்கும் குக்கிராமத்துக்கும் ஒரே கட்டணம் நிலைக்குமா? நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? இவற்றுக்கு விடை பெறாமல் தலையசைக்காதீர்கள்!