காற்றுப் படாமல் வேகும் கரி



கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்குக் காஸ் வேர்க்ஸ் வீதி தெரியாமல் இராது. எந்தக் காஸ் என்று கேட்டால் வீட்டுச் சிலிண்டரைத்தான் நினைப்போம். அது வேறு. 1872இல் தொடங்கிய கொழும்பு காஸ் அண்ட் வோட்டர் கம்பனி, அதாவது இன்றைய லிட்ரோ காஸ் கம்பனியின் பாட்டன், தெருவிளக்குகளுக்குக் கொடுத்தது நிலக்கரியிலிருந்து பிரித்த காஸ். நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் ஏது? கரி கப்பலில்தான் வந்தது.

சிரட்டைக்கரி சுடுகிறவர்களுக்கு இந்த வித்தை உடனே விளங்கும். குழியை மூடாவிட்டால் மிஞ்சுவது சாம்பல், மூடினால் கரி. நிலக்கரியையும் அப்படிக் காற்றுப் படாமல் சூடாக்கினால் காஸும் தாரும் ஆவியாக வெளியேறும். உள்ளே சாம்பல் நிறத்தில், துளைகளோடு ஒரு கட்டி மிஞ்சும். அதுதான் கற்கரி, கோக் என்பது.

கொழும்பில் காஸ்தான் பொருள், கற்கரி மிச்சம். இந்தியாவின் ஜம்ஷெட்பூரிலோ பிலாயிலோ உள்ள உருக்காலைக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே கற்கரிக்காகவே உலை, காஸ் உபரி.

அந்த உலை ஒவ்வொன்றும் ஓர் ஒடுங்கிய அறை. அகலம் அரை மீற்றருக்கும் குறைவு. உயரம் நாலு முதல் ஏழு மீற்றர். நீளம் பதினைந்து மீற்றர் அளவில். இப்படிப் பல அறைகள் ஒட்டி நிற்கும். இடைச்சுவர்களுக்குள் காஸ் எரிந்து, சூடு 1000 பாகைக்கு மேலே போகும். கூரைத் துவாரங்கள் வழியாக அரைத்த கரியைக் கொட்டி மூடிவிடுவார்கள். ஏறக்குறைய 350 பாகையில் கரி இளகி, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டும். 500ஐத் தொடும்போது இறுகும். இரண்டு சுவர்ப் பக்கமிருந்தும் நகர்ந்துவரும் அந்த இளகிய படலங்கள் நடுவில் சந்திக்கும். பதினாறு, பதினெட்டு மணித்தியாலத்தில் வேலை முடியும்.

எல்லாக் கரியும் இப்படி இளகாது. மின்னிலையத்தில் எரிக்கிற சாதாரணக் கரியை இதில் போட்டால் நல்ல கற்கரி கிடைக்காது. இந்தியாவின் ஜரியாவில் இதற்கேற்ற கரி இருந்தும் சாம்பல் அதிகம். ஆகவே இந்தியா இந்த வகைக் கரியைப் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறது.

வெந்ததும் இரு பக்கக் கதவையும் திறந்து, நீண்ட இரும்புத் தண்டால் தள்ளுவார்கள். செக்கச் சிவந்த கரிச்சுவர் உடைந்து வண்டியில் விழும். காற்றில் விட்டால் எரிந்தே போய்விடும். உடனே தண்ணீர் கொட்டி அணைப்பார்கள். சில ஆலைகள் தண்ணீருக்குப் பதில் நைதரசன் வாயுவைச் செலுத்தி, அந்தச் சூட்டிலிருந்து மின்சாரமும் எடுக்கின்றன. ஒரு தொன் கரியிலிருந்து 700, 750 கிலோ கற்கரி தேறும்.

சிலிக்காக் கல்லால் கட்டிய அந்தச் சுவர்களை ஆறவிட்டால் வெடித்துவிடும். எனவே பெருநாள் ஆனாலும் வேலைநிறுத்தம் ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு நெருப்பு அணைவதில்லை. கதவு இடுக்கால் கசியும் புகையில் பென்சீனும் தார் ஆவியும் இருக்கும். உலையின் தலைமேல் நின்று வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. உருக்கின் பெருமை பேசுகிறவர்கள் இவர்களைப் பேசுவது குறைவு.

இவ்வளவு பாடு எதற்கு? இரும்பு உருக்கும் உயரமான ஊதுலையில் மேலே குவியும் கனத்தை மரக்கரி தாங்காது, நொறுங்கிவிடும். நொறுங்கினால் காற்று ஏற வழியில்லை. கற்கரி தாங்கும். 1709இல் இங்கிலாந்தின் கோல்புறூக்டேலில் ஆபிரகாம் டார்பி அதைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார்.

அப்படியானால் நிலக்கரி இல்லாத இந்தத் தீவில் இரும்பு உருக்கவில்லையா? உருக்கினார்கள், அதுவும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முகங்கொடுத்துக் கட்டிய உலைகளை ஜில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டுபிடித்தார். உயரமில்லாத, அகலமான உலைகள். மரக்கரி நசுங்கப் பாரம் இல்லை. துருத்தியும் வேண்டியதில்லை, காற்றே ஊதும். அதே மாதிரியில் உலை கட்டி அவர் உருக்கிப் பார்த்ததில் கரிமம் மிகுந்த உருக்கே கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழ் அந்த முடிவை வெளியிட்டது.